மேலே 100, கீழே 64

கேள்வி: ஐயா, காரைக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படம் எடுப்பதுதான் பிழைப்பு. பழைய ஹார்ட் டிஸ்க் ரொம்ப மெதுவாக இருக்கிறதென்று மூன்று நாளைக்கு முன்னால் லேப்டாப்புக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டேன். விண்டோஸை நானே ஏற்றி, 60 ஜிபி அளவுக்குப் பழைய படங்களையும் அதில் போட்டேன். தெரிந்த பையன் ஒருவன் சொன்னானென்று கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தால், மேலே 'குட், 100%' என்று காட்டுகிறது. ஆனால் கீழே பட்டியலில் 'அவைலபிள் ஸ்பேர்' என்ற இடத்தில் 64 என்றுதான் இருக்கிறது. வெப்பம் என்ற இடத்தில் '13பி' என்று ஏதோ போட்டிருக்கிறது. 'அன்சேஃப் ஷட்டவுன்' 5. மொத்தம் எழுதியது 112 ஜிபி, ஓடிய நேரம் 3 மணி, போட்டு அணைத்தது 14 தடவை. 1 டிபி என்று சொல்லி விற்றது விண்டோஸில் 931 ஜிபிதான் வருகிறது. யாரோ ஓட்டிய சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்களா? ஏழு நாளுக்குள் வந்தால் மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கிறது. அந்தப் படங்களை நம்பி இதில் போடலாமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அந்த 64-தான் என்று நினைக்கிறேன். அதை முதலில் தீர்த்துவிடுவோம். அது நம் வழக்கமான எண்ணே இல்லை. அந்த மென்பொருள் கீழ்ப் பட்டியலை இயல்பாகப் பதினாறடிமான எண்முறையில், அதாவது ஹெக்ஸில் காட்டும். ஆறு பதினாறு தொண்ணூற்றாறு, அதோடு நான்கு, மொத்தம் 100. ஆக உங்கள் டிரைவில் உபரி இடம் முழுசாக 100 சதவீதம் இருக்கிறது. அதற்குக் கீழே, எச்சரிக்கை வரம்பு என்ற இடத்தில் பெரும்பாலும் 'ஏ' என்று ஓர் எழுத்து இருந்திருக்கும். அது 10. உபரி 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரைவ் குரல் கொடுக்கும் என்று பொருள்.

'13பி'யும் இதே கதைதான். நம் எண்ணில் அது 315. என்விஎம்இ டிரைவ்கள் வெப்பத்தைக் கெல்வினில் பதிவு செய்கின்றன. 315-இல் 273-ஐக் கழித்தால் 42 டிகிரி செல்சியஸ். நம் ஊர் வெயிலுக்கு லேப்டாப்புக்குள் இருக்கும் டிரைவ் 42 டிகிரி காட்டுவது மிகவும் நல்ல செய்தி. 'ஃபங்ஷன்' மெனுவில் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்', அதற்குள் 'ரா வேல்யூஸ்' என்று போய் 10 என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாம் நம் எண்ணிலேயே வரும். இந்த ஒரு குழப்பத்தால் நல்ல டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைக்காரரோடு மனஸ்தாபப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

931 ஜிபியிலும் ஏமாற்று இல்லை. ஒரே நெல்லைச் சின்னப் படியாலும் பெரிய படியாலும் அளந்த கதை அது. தயாரிப்பாளருக்கு ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட். விண்டோஸுக்கோ 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட். லட்சம் கோடி பைட்டை விண்டோஸ் படியால் அளந்தால் 931 வரும். அதைவிடக் கணிசமாகக் குறைந்தால்தான் கேட்க வேண்டும்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்: இது புதியதா, பழையதா? இங்கே பலரும் மேலே உள்ள 100 சதவீதத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது போதவே போதாது, ஏன் என்று சொல்கிறேன்.

என்விஎம்இ டிரைவில் இந்த 100 சதவீதம் எப்படி வருகிறது தெரியுமா? டிரைவ் தன் ஆயுளில் எத்தனை சதவீதம் செலவாகிவிட்டது என்று தானே மதிப்பிட்டு ஓர் எண் வைத்திருக்கும். அதை 100-இலிருந்து கழித்ததுதான் நீங்கள் பார்ப்பது. நேண்ட் ஃப்ளாஷ் சிப்பில் ஒவ்வொரு செல்லும் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்துத் தகவலைக் காக்கிறது. அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் அந்த மின்னூட்டத்தைக் காக்கும் மெல்லிய காப்புப் படலம் கொஞ்சம் தேய்கிறது. இன்றைய சாதாரண டிரைவ்களில் உள்ள செல்கள் சில ஆயிரம் முறைக்குள் தேய்ந்துவிடுபவை. மலிவான கியூஎல்சி வகை அதைவிடச் சீக்கிரம் தேயும். அந்தத் தேய்மானக் கணக்குதான் இந்தச் சதவீதம். சிப்பை ஒட்டிய ஈயம் சரியாக இருக்கிறதா, கன்ட்ரோலர் நலமா, டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் பிழை உண்டா என்பதையெல்லாம் அது சொல்லாது.

தேய்மானத்தைக்கூட அது பருமனாகத்தான் சொல்லும். உதாரணத்துக்கு, சாம்சங் 990 ப்ரோவின் 1 டிபி மாடலுக்கு நிறுவனம் தரும் உத்தரவாத அளவு, ஐந்து ஆண்டு அல்லது 600 டெராபைட் எழுத்து, எது முதலில் வருகிறதோ அது. நாளுக்கு 330 ஜிபி வீதம் ஐந்து வருஷமும் எழுதினால்தான் அந்த எல்லையைத் தொட முடியும். அந்தக் கணக்குப்படி ஒரு சதவீதம் குறையவே ஏறத்தாழ 6 டெராபைட் எழுத வேண்டும். அப்படியானால் வேறொருவர் இரண்டு மூன்று டெராபைட் எழுதித் தள்ளிய டிரைவும் 100 சதவீதம் என்றே காட்டும். ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு மூன்று எண்களைப் பாருங்கள்: எழுதிய அளவு, ஓடிய மணி, போட்டு அணைத்த எண்ணிக்கை.

உங்களுடையதைக் கூட்டிப் பார்க்கிறேன். படங்கள் 60 ஜிபி. விண்டோஸ் நிறுவல், அதன் அப்டேட்கள், ஹைபர்னேஷன் கோப்பு, டிரைவர்கள், நீங்கள் போட்டிருக்கக்கூடிய எடிட்டிங் மென்பொருள் எல்லாம் சேர்ந்து 40, 50 ஜிபி பிடிக்கும். 112 ஜிபிக்குக் கணக்கு நேராகிவிட்டது. மூன்று நாளில் லேப்டாப்பை அணைத்ததும் ஸ்லீப்புக்கு அனுப்பி எழுப்பியதும் சேர்ந்து 14 தடவை வருவது இயல்பு. ஓடிய நேரம் 3 மணி என்பது நீங்கள் உட்கார்ந்த நேரத்தைவிடக் குறைவாகத் தோன்றலாம். சில என்விஎம்இ டிரைவ்கள் சும்மா இருந்து உறங்கிய நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதுதான் காரணம். எண்கள் எல்லாம் உங்கள் கைப்பழக்கத்தோடு ஒத்துப்போகின்றன. இதே இடத்தில் 400 மணி, 3 டெராபைட் என்று இருந்திருந்தால் உடனே கடைக்குக் கிளம்பச் சொல்லியிருப்பேன்.

'அன்சேஃப் ஷட்டவுன்' 5 என்பது, முறைப்படி விடைபெறாமல் ஐந்து தடவை மின்சாரம் போயிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் ஏற்றும்போது திரை உறைந்துவிட்டதென்று பவர் பட்டனை நீளமாக அழுத்தினீர்களா? அப்படியென்றால் அதிலேயே சில வந்திருக்கும். டிரைவைப் பழுது என்று சொல்ல இது காரணமாகாது. ஆனால் இனிமேல் இந்த எண் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தகவல் எந்த மூலையில் இருக்கிறது என்ற வரைபடத்தை டிரைவ் இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அந்த வரைபடமே சிதையக்கூடும். பெரிய நிறுவனங்களின் சர்வர் டிரைவ்களில் இதற்கென்றே கெபாசிட்டர்கள் இருக்கும். நாம் வாங்கும் டிரைவ்களில் பெரும்பாலும் இருக்காது. லேப்டாப் பேட்டரி பலமிழந்துவிட்டதென்றால் அதை மாற்றுவதும் எஸ்எஸ்டியைக் காப்பதில்தான் சேரும்.

எண்கள் பொய் சொல்லுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். சொல்லும். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் சீகேட் எக்ஸோஸ் ஹார்ட் டிஸ்க்குகளைப் 'புதியது' என்று வாங்கிய பலர், அவை உண்மையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை என்று கண்டுபிடித்தார்கள். டிஸ்க் தன் நிலையைக் குறித்துவைக்கும், எல்லாரும் பார்க்கும் 'ஸ்மார்ட்' பதிவேட்டில் மணிக் கணக்கை யாரோ பூஜ்யமாக்கியிருந்தார்கள். ஆனால் டிஸ்க்குக்குள் 'ஃபார்ம்' என்று இன்னொரு பதிவேடு இருந்தது. அதை அழிக்காமல் விட்டிருந்தார்கள், அது காட்டிக்கொடுத்தது. எஸ்எஸ்டியிலும் சில கன்ட்ரோலர்களுக்கான தொழிற்சாலை மென்பொருள் வெளியே கசிந்திருப்பதால், கணக்கைத் துடைத்துப் புதுசாக்க முடியும். அதனால் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரும் மென்பொருள் காட்டும் சீரியல் நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். அதே எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் போட்டு, வாரண்டி இந்தியாவில் செல்லுமா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் கையில் இருக்கட்டும். வாங்கும்போது நூறு இருநூறு குறைகிறதென்று பில் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், இன்றைக்கே போய்க் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இதுவரை பார்த்தது எல்லாம் டிரைவ் தன்னைப் பற்றித் தானே கொடுத்த வாக்குமூலம். இனிச் செய்ய வேண்டியதுதான் பரிசோதனை. புது எஸ்எஸ்டியில் நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான், பெரும்பாலோர் செய்யாமல் விடுவதும் இதைத்தான்: டிரைவ் முழுக்க எழுதி, எழுதியதை ஒரு எழுத்து விடாமல் திரும்பப் படித்துப் பார்ப்பது.

ஜெர்மனியின் சி'டி இதழ்க்காரர்கள் உருவாக்கிய எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன இலவச மென்பொருள் விண்டோஸில் இதைச் செய்யும். லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்று ஒன்று உண்டு. போலி மெமரி கார்டுகளைப் பிடிக்கப் புகழ்பெற்றவை இவை. 16 டெராபைட் என்று சொல்லி மலிவு விலையில் விற்கப்படும் கையடக்க 'எஸ்எஸ்டி'களைத் திறந்தால் உள்ளே ஒரு சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டு இருக்கும். 16 டிபி என்று பொய் சொல்லும்படி ஃபர்ம்வேரை மாற்றியிருப்பார்கள். கொஞ்சம் எழுதும்வரை எல்லாம் சரியாகவே தெரியும். உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் பழைய படங்களின் மேலேயே புதியவை எழுதப்படும், அல்லது எங்கேயும் எழுதப்படாமலே போகும். எழுதிப் படித்துப் பார்ப்பதொன்றுதான் இந்த ஏமாற்றை உறுதியாக உடைக்கும். உங்களுடையது அந்த வகை இல்லை என்று தோன்றுகிறது. ஆனாலும் இதே சோதனைதான் நல்ல நிறுவனத்தின் டிரைவில் ஒளிந்திருக்கும் பலவீனமான சிப்பையும் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் டிரைவில் விண்டோஸ் ஏற்கெனவே இருப்பதால் முழுசாக நிரப்பாதீர்கள், அது திணறும். 820 ஜிபி அளவுக்குக் காலி இருக்கும் என்று வைத்துக்கொண்டால், புதிய ஃபோல்டர் ஒன்றைக் காட்டி, அளவு கேட்கும் இடத்தில் 780 ஜிபியை எம்பி கணக்கில், தோராயமாக 7,80,000 என்று கொடுங்கள். முழு டிஸ்க்கையும் சோதிக்கவில்லையே என்று ஓர் எச்சரிக்கை வரும், பரவாயில்லை. சார்ஜரைச் செருகி, ஸ்லீப்பை நிறுத்திவிட்டு, 'ரைட் + வெரிஃபை'யை அழுத்திவிட்டுப் படுத்துவிடுங்கள். சில மணி நேரத்தில் முடியும். பிழை ஏதும் இல்லை என்று வந்தால் லேப்டாப்பை முறையாக அணைத்து, சில மணி நேரம் விட்டு, மறுபடி போட்டு வெரிஃபையை மட்டும் இன்னொரு முறை ஓட்டுங்கள். எழுதிய சூட்டில் சரியாகப் படித்துவிட்டு, ஆறியபின் தடுமாறும் டிரைவ்களும் உண்டு. எல்லாம் சரியென்றால் அந்தச் சோதனைக் கோப்புகளை அழித்துவிடலாம்.

இப்படி எழுதினால் டிரைவ் தேய்ந்துவிடாதா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். 600 டெராபைட் தாங்கும் டிரைவில் ஒரு டெராபைட்கூட இல்லாத சோதனை அறுநூறில் ஒரு பங்குகூட இல்லை. கோயில் கும்பாபிஷேகப் படங்களை இழப்பதோடு ஒப்பிட்டால் இது செலவே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சோதனை ஓடும்போது ஆரம்பத்தில் பறக்கும் வேகம் நடுவில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். பதறாதீர்கள். ஒவ்வொரு செல்லிலும் மூன்று பிட் வைக்க வேண்டிய இடத்தில் முதலில் ஒரே பிட்டாக வேகமாக வாங்கிப் போட்டுவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது மூன்று மூன்றாக அடுக்கிவைப்பது டிரைவின் வழக்கம். வேகமாக வாங்கிப் போடும் இடம் நிரம்பிவிட்டால் வேகம் இறங்கத்தான் செய்யும். கியூஎல்சி வகையில் பழைய ஹார்ட் டிஸ்க்கைவிடவும் கீழே இறங்குவது உண்டு. வேகம் அடியோடு நின்று நின்று போனாலோ, எழுதும் நடுவில் டிரைவே காணாமல் போனாலோதான் பழுது. வெப்பத்தையும் அப்போது ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். 70 டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றால், லேப்டாப்பை மெத்தை மேல் வைத்திருக்கிறீர்களா, காற்றுத் துளை தூசியால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சோதனை முடிந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை மறுபடி திறந்து இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். 'கிரிட்டிகல் வார்னிங்' பூஜ்யமாக இருக்க வேண்டும். 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்' பூஜ்யமாக இருக்க வேண்டும். புது டிரைவில் இரண்டாவதில் ஒன்று என்று வந்தாலும் நான் வைத்துக்கொள்ள மாட்டேன், நீங்களும் வைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கடுத்து இருக்கும் 'எரர் லாக் என்ட்ரீஸ்' ஏறியிருந்தால் கவலை வேண்டாம். டிரைவுக்குப் புரியாத கட்டளையை ஏதோ ஒரு மென்பொருள் அனுப்பினாலும் அது ஏறும். அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கும்போது இன்றைய எண்கள்தான் பேசும்.

கல்யாணப் படங்களைப் போடுவதற்கு முன் ஃபர்ம்வேரையும் புதுப்பித்துவிடுங்கள். தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளில் அதற்கு வசதி இருக்கும். அசட்டையாக விடக்கூடாத விஷயம் இது. 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் சர்வர் எஸ்எஸ்டிகள் சிலவற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 32,768 மணி நேரம், அதாவது மூன்று வருஷம் 270 நாள் 8 மணி ஓடியதும் அவை செத்துவிடும், தகவலையும் மீட்க முடியாது என்றது. இரண்டின் பதினைந்தாம் அடுக்குதான் 32,768. ஒரே நாளில் பொருத்திய டிரைவ்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்விடும் என்பதால், ஒன்றுக்கு இன்னொன்று காவல் என்று வைத்திருந்தவர்களுக்கும் ஆபத்து இருந்தது. செல்கள் எல்லாம் நலமாக இருக்கும்போதே டிரைவ் செத்துப்போவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. சாம்சங் 990 ப்ரோவிலும் 2023 தொடக்கத்தில் ஆரோக்கியச் சதவீதம் காரணமில்லாமல் வேகமாகக் குறைந்தது. பிப்ரவரியில் வந்த ஃபர்ம்வேர் அதை நிறுத்தியது, ஆனால் இழந்த சதவீதம் திரும்பி வரவில்லை.

ஃபர்ம்வேர் ஒரு பக்கம் இருக்க, சிப்பும் பழுதாகத்தான் செய்யும். கூகுள் தன் தரவு மையங்களில் ஆறு ஆண்டுகள் ஓடிய ஃப்ளாஷ் டிரைவ்களை டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளரோடு சேர்ந்து அலசி 2016-இல் வெளியிட்டது. மாடலைப் பொறுத்து 30 முதல் 80 சதவீத டிரைவ்களில் முதல் நான்கு ஆண்டுக்குள் ஒரு கெட்ட பிளாக்காவது, அதாவது பயன்படாமல் போன செல் தொகுதியாவது, தோன்றியிருந்தது. எவ்வளவு எழுதினார்கள் என்பதோடு டிரைவின் வயதும் தனியாகக் கணக்கில் நின்றது. கெட்ட பிளாக் வருவது சகஜம், அதற்காகத்தான் நீங்கள் 64 என்று பார்த்த அந்த உபரி இடம்.

உங்களுக்கு இதை ஏன் இத்தனை விரிவாக எழுதுகிறேன் என்றால், சில வருஷத்துக்கு முன் என் மேசைக்கு ஒரு டிரைவ் வந்தது. வாங்கிப் பதினோரு நாள். முந்தின நாள் வரை ஆரோக்கியம் 100 சதவீதம். அன்று காலை பயாஸே அதை அடையாளம் காணவில்லை. உள்ளே ஒரு குழந்தையின் காதுகுத்துப் படங்கள், தாத்தா மடியில் உட்காரவைத்து எடுத்தவை. படம் எடுத்தவர் மெமரி கார்டைத் துடைத்து அடுத்த விசேஷத்துக்குப் பயன்படுத்திவிட்டார். அந்தத் தாத்தா அதற்குள் காலமாகிவிட்டார். கடை புது டிரைவைக் கொடுத்தது, பில்லைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. படங்களை என்னால் மீட்க முடியவில்லை.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமைப் படங்களை இந்த எஸ்எஸ்டியில் போட்டு வேலை செய்யுங்கள், அதற்குத்தானே வாங்கினீர்கள். ஆனால் அதே இரவு இன்னொரு பிரதியைப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். மெதுவானது என்று அதைத் தூக்கிப்போட வேண்டாம். வருஷக்கணக்கில் அலமாரியில் மின்சாரமில்லாமல் கிடக்கப்போகும் பழைய படங்களுக்கு எஸ்எஸ்டியைவிட அதுவே பொருத்தம். எஸ்எஸ்டி சிப்பில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும், வெக்கையில் வேகமாகக் கசியும். மெமரி கார்டை ஆல்பம் கைமாறும்வரை துடைக்காதீர்கள். கூடுதலாக இரண்டு கார்டு வாங்க ஆகும் செலவைக் கல்யாணக் கட்டணத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஏழு நாளில் மூன்று போயிருக்கிறது. எழுதும் சோதனையை இன்று இரவே ஓட்டிவிட்டால் நாளை மாலைக்குள் இரண்டாவது வெரிஃபையும் முடிந்துவிடும். ஏதாவது பிழை வந்தால், அந்தத் திரையின் படத்தோடும் பில்லோடும் கடைக்குப் போக அப்போதும் மூன்று நாள் இருக்கும்.